ஓராண்டுக் கேள்விஞானம்

இசையிலக்கணத்தை முறையாகக் கற்றவனல்லன் நான். இராகத்தின் பெயர் சொல்ல வராது. சுரம் பிரித்தறியவும் தெரியாது. எனினும் 2025ஆம் ஆண்டு தைப்பொங்கல் முதல் மார்கழித் திருவெம்பாவை வரை கேட்டவற்றை ஒரு கொப்பியிற் குறித்து வந்தேன். இப்பொழுது அதைப் புரட்டுகையில், இசையைப் பற்றி எழுதியதிலும் பார்க்க என் காதைப் பற்றி எழுதியதே அதிகமென்று தெரிகிறது.

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் இசை கேட்பது உடலுழைப்பாக இருந்தது. 1990களிற் பொருளாதாரத் தடை நிலவிய வேளை வன்னியில் மின்சாரம் இல்லை. மின்கலங்கள் வருவதற்கும் தடை. துவிச்சக்கர வண்டியை நிறுத்திவைத்து ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவிலிருந்து பிறந்த மின்னில் வானொலி பேசியது, ஒலிநாடா பாடியது. சுற்றுபவர் களைத்தாற் பாடகரும் களைத்தார். எந்தப் பாட்டுக்கு மிதிப்பது, எதை விட்டுவிடுவது என்பதை முன்னரே தீர்மானிக்க வேண்டியிருந்தது என்று தந்தையார் கூறுவர். திறனாய்வுக்கு அதனினும் கண்டிப்பான பள்ளிக்கூடம் இருந்திருக்குமோ என்பது ஐயமே. அந்த ஒலிநாடாக்கள் 2009இன் இடப்பெயர்வில் எங்கோ ஒரு பதுங்குகுழியில் விடுபட்டன. ஆனால் அவற்றின் வரிசை தந்தையாருக்கு இன்றும் மனப்பாடம்.

என் நிலை வேறு. கைத்தொலைபேசியில் எல்லாம் உண்டு, விரலசைத்தாற் போதும். தை மாதக் குறிப்பில் நாற்பதுக்கு மேற்பட்ட பாடல்கள் உள்ளன. முடிவுவரை கேட்டவை ஏழு. இளையராஜாவின் சிம்பொனி மார்ச் 8ஆம் திகதி இலண்டனில் அரங்கேறியபோது பெருமிதத்தோடு ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன்; அதில் ஒலியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கேளாமலே பாராட்டிய அப்பக்கத்தை இப்போது அடித்துவிட்டேன்.

சித்திரையில், யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியின் (1933-1975) தவிலொலிப் பதிவுகளிற் சிலவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். பழைய பதிவுகளாதலால் இரைச்சல் மிகுதி. அவ்விரைச்சலையும் மீறி, வலக்கை விரற்கூடுகளின் சொற்கள் ஒன்றோடொன்று கலவாமல் வந்து விழுகின்றன. வேகத்தையே பலரும் வியப்பர். எனக்கோ, வேகத்துக்குச் சற்று முன் அவர் விடுகின்ற இடைவெளியே பெரிதாகப் பட்டது. அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரத்திலும் அத்தகைய ஓர் அடக்கத்தை உணர்ந்தேன்: ஆலாபனையில் முதற் பிடிக்குப் பின் அவசரமேயில்லை. இவ்விருவரும் வடபுலத்துக் கோயில் வீதிகளிற் கேட்டு வளர்ந்தோருக்கு வாசித்தவர்கள். விடிய விடிய நின்று கேட்கும் கூட்டம் இருந்தமையாற்றான் அந்த நிதானம் இயன்றதென்று நினைக்கிறேன்.

வைகாசியே என் கொப்பியை மாற்றிய மாதம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு முந்திய நாள்களில் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலிற் கடல்நீர் வார்த்து விளக்கெரிப்பது மரபு. மட்டக்களப்பிற் கண்ணகி வழக்குரையென்றும் யாழ்ப்பாணத்திற் கோவலனார் கதையென்றும் வழங்குவதன் உறவினதான சிலம்பு கூறல் வன்னிக்குரியது. அதனை ஒரு முதியவர் படிக்க அருகிலிருந்து கேட்டேன். முதலில் ஏமாற்றமே. குரல் கரகரத்தது, சுருதி விலகிற்று, ஒரே மெட்டு. “இனிமையில்லை” என்று அன்றிரவு எழுதியும் வைத்தேன்.

மறுநாளும் போனேன். அன்றுதான், அவர் யாருக்கும் இசைத்துக் காட்டவில்லை, கதையை நகர்த்துகிறார் என்பது உறைத்தது. மெட்டு மாறாதிருப்பதால் மனம் சொல்லின்மேற் செல்கிறது. ஓரிடத்தில் அவர் மூச்சு வாங்கியபோது, சுற்றியிருந்த பெண்கள் அடுத்த அடியை முணுமுணுத்தனர். கச்சேரி மேடையின் அளவுகோலை இவ்விசைமீது வைப்பது மரக்காலாற் துணி அளப்பது போன்றது. நம் விமர்சகர்கள் பலர் நாட்டாரிசையைப் புகழும்போதுகூட அம்மரக்காலைக் கீழே வைப்பதில்லை. “எளிமையாயினும் இனிமை” என்பர். அந்த ‘ஆயினும்’ எனக்கு உடன்பாடில்லை.

ஆவணியில் ஒரு விழா மேடையிற் கோவலன் கூத்தை ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி ஆடினர். ஆட்டத்திற் குறையில்லை, இளைஞர் நன்கு பயின்றிருந்தனர். ஆனால் நேரம் போதாதென்று பிற்பாட்டைக் குறைத்துவிட்டனர். நடிகர் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் மீளப் பாடுவது வெறும் திருப்பிச் சொல்லலன்று. அது நடிகருக்கு மூச்சு. கேட்பவர் துயரத்தை உள்வாங்கும் அவகாசம். அதை வெட்டியதால் மாதவியும் கண்ணகியும் செய்தி வாசிப்போர்போல் விரைந்தனர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனையில் மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கி மேடையேற்றினாரே எனலாம். உண்மை. எனினும் எதைச் சுருக்கலாம் எதைச் சுருக்கலாகாது என்பதை அண்ணாவியாரோடிருந்து ஆராய்ந்தபின் செய்த சுருக்கம் வேறு. கடிகாரம் செய்யும் சுருக்கம் வேறு.

ஒன்றைக் குறிக்காமல் விட்டிருக்கிறேன். வேலப்பணிக்கன் பெண்சாதி அரியாத்தை பேரிலான ஒப்பாரியை நூலிற் படித்து, அதன் சொல்லழகு பற்றி ஒரு கட்டுரைக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த காலத்திலேயே மே 18 வந்தது. முள்ளிவாய்க்காலில் ஒரு தாயின் அழுகை மெல்ல மெல்ல ஒப்பாரியாகத் திரண்டதைக் கேட்டேன். அதன் மெட்டைப் பற்றியோ சொல்லைப் பற்றியோ எழுத எனக்கு உரிமையில்லை. அந்தப் பக்கம் வெறுமையாகவே இருக்கிறது. அரியாத்தைக் கட்டுரையும் இன்னும் எழுதப்படவில்லை.

மார்கழியில் அந்தச் சிலம்பு கூறும் முதியவரைத் தேடிச் சென்று, படிப்பதைத் தொலைபேசியிற் பதிவு செய்ய அனுமதி கேட்டேன். வெற்றிலையை மடித்தபடி, “பதிஞ்சு போட்டு நீர் கேக்கமாட்டீர், தம்பி” என்றார். என் தை மாதக் குறிப்பை அவர் பார்த்திருக்க நியாயமில்லை. வேண்டுமானால் வெள்ளிக்கிழமைகளில் வந்து பக்கத்திலிருந்து பிற்பாட்டுப் பிடிக்கலாம் என்றும், வைகாசிக்குள் முதற் பகுதியாவது வாயில் ஏறவேண்டும் என்றும் சொன்னார். இதுவரை மூன்று வெள்ளி போயிருக்கிறேன். சுருதி எனக்கும் விலகுகிறது.