யோவின் கணக்கு நோட்டு

ஓவியம் விற்பவர்களில் நான் மிகவும் மதிப்பது யோ வான்கோ-போங்கரை. 1891 ஜனவரியில் கணவர் தியோ இறந்தபோது யோவுக்கு வயது 28; கையில் ஒரு வயதுக் குழந்தை. சொத்து என்று இருந்தவை கணவரின் அண்ணன் வின்சென்ட் வான்கோ வரைந்த நூற்றுக்கணக்கான ஓவியங்கள். அன்று அவற்றைச் சீந்துவார் அதிகமில்லை.

புஸ்ஸும் என்ற ஊரில் விடுதி நடத்திப் பிழைத்துக்கொண்டே விற்பனையையும் தொடங்கினார். வீட்டுச் செலவு எழுதிய அதே நோட்டில்தான் ஓவியம் விற்ற வரவும் ஏறியது. அதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது அவருடைய பொறுமை. பணத்தேவை இருந்தும் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சந்தையில் கொட்டவில்லை. பெர்லினில் பால் காசிரர் போன்ற வணிகர்களுக்கு அளந்து அனுப்பினார். கண்காட்சிகளில் விற்பனைக்கு உள்ளவற்றோடு, விற்கவே போகாத உயர்ந்த படங்களையும் சேர்த்து மாட்டினார். பார்த்தவருக்கு ஆசை வரும், கிடைப்பதை வாங்குவார். எவ்வளவு நுட்பமான வணிக புத்தி!

1905-இல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடெலிக் அருங்காட்சியகத்தில் 480-க்கும் மேற்பட்ட படைப்புகளை வைத்தார். 1914-இல் வின்சென்ட்டின் கடிதங்களைப் பதிப்பித்தார். ஓவியனைத் தெரிந்தால்தான் ஓவியம் பிடிபடும் என்று அவர் நம்பியிருக்க வேண்டும்.

வீட்டில் மாட்டியிருந்த ‘சூரியகாந்திப் பூக்கள்’ ஒன்றை லண்டன் தேசிய ஓவியக்கூடத்துக்காகக் கேட்டபோது முதலில் மறுத்தார். பிறகு, வின்சென்ட்டின் புகழுக்காக, 1924-இல் மனமில்லாமல் கொடுத்தார். அடுத்த ஆண்டு காலமானார். அவர் விற்காமல் காத்தவைதான் இன்று ஆம்ஸ்டர்டாம் வான்கோ அருங்காட்சியகத்தின் பெரும்பகுதி.