டர்ன்டேபிளுக்கு அடியில் ஒரு மேடை: எடைபோட்டுப் பார்த்தால்

அதிர்வுத் தடுப்பு மேடைகளைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் காதில் தொடங்கிக் காதிலேயே முடிந்துவிடுகின்றன. பாஸ் இறுகியது, பின்னணி கருத்தது, வீணான மூட்டம் விலகியது என்பார்கள். மேடையின் இயல்பு அதிர்வெண் எத்தனை ஹெர்ட்ஸ் என்று மட்டும் சொல்லமாட்டார்கள். அந்த எண் இல்லாமல் மேடையைப் பற்றிப் பேச அதிகம் இல்லை.

மேடை என்பது ஓர் எடையும் ஒரு சுருள்வில்லும்தான். தன் இயல்பு அதிர்வெண்ணைப் போல 1.41 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகளை மட்டுமே அது குறைக்கும். அதற்குக் கீழே குறைக்காது, இயல்பு அதிர்வெண்ணை ஒட்டிய இடத்திலோ பெருக்கிவிடும். டோன்ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து ஒத்ததிர்வது வழக்கமாக 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள். ஊசி மிகவும் பலவீனமாக நிற்கும் இடம் அதுவே. 7 ஹெர்ட்ஸ் மேடை 10 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய ஒன்றுமே செய்வதில்லை. 3 ஹெர்ட்ஸ் மேடை அதே அதிர்வைப் பத்தில் ஒன்றாக்குகிறது. இரண்டுக்கும் விளம்பரத்தில் ஒரே பெயர்.

இதைச் சோதிக்க ஆய்வகம் தேவையில்லை, ஸ்கேல் போதும். சாதாரண வில் 3 ஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டுமானால் சுமையின் கீழ் 2.8 செ.மீ. அமுங்கியாக வேண்டும். 1 மி.மீ. மட்டுமே அமுங்கும் ரப்பர் பாதம் 16 ஹெர்ட்ஸுக்கு அருகில்தான் நிற்கும். ரப்பர் அசைவில் இன்னும் விறைப்பதால் உண்மையில் அதற்கும் மேலே. சோர்போதேன் போன்ற மீள்பொருள்களின் தணிப்பு ஒத்ததிர்வின் உச்சத்தை மழுக்குகிறது என்பது உண்மையான நன்மை. ஆனால் மேல் அதிர்வெண்களில் தடுப்புத் திறனும் ஓரளவு மழுங்குகிறது என்பதை விற்பவர் சொல்வதில்லை.

இந்தக் கணக்கின்படி 0.5 ஹெர்ட்ஸுக்கு ஒரு மீட்டர் அமுக்கம் வேண்டும். டேவிட் பிளாட்டஸின் எதிர்விறைப்பு முறை அந்தச் சிக்கலை அழகாகத் தாண்டுகிறது: சுமையை ஒரு வில் தாங்க, எதிர்த்திசையில் தள்ளும் அமைப்பு அந்த வில்லின் விறைப்பைத் தின்றுவிடுகிறது. இம்முறையில் அமைந்த, நுண்ணோக்கிகளுக்கு அடியில் பெயர் பெற்ற மைனஸ் கே மேடைகள் மின்சாரமோ காற்றழுத்தமோ இல்லாமல் அந்த 0.5 ஹெர்ட்ஸை எட்டுகின்றன. பொறியியலாக இதற்கு இணை சொல்வது கடினம். டர்ன்டேபிளின் துணையாக அவ்வளவு குறையற்றதல்ல. சுமைக்கேற்பத் துல்லியமாகச் சரிசெய்ய வேண்டும். கை பட்டால் ஆடும். 33⅓ சுழற்சியில் தட்டு ஒருமுறை சுற்றும் வேகம் 0.56 ஹெர்ட்ஸ், அதாவது மேடையின் சொந்த ஆட்டத்துக்கு மிக அருகில். கனமான மேல்தட்டு இதை அடக்கக்கூடும். ஆனாலும் வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி இது.

டர்ன்டேபிளின் குலமும் தீர்ப்பை மாற்றும். 1961இல் எட்கர் வில்ச்சரின் ஏஆர், பிறகு தோரன்ஸ் டிடி 150, லின் எல்பி12 ஆகியவை வில்லைத் தம் வயிற்றிலேயே வைத்திருப்பவை. அவற்றின் கீழே இன்னொரு மென்மையான வில்லை வைத்தால் ஒன்றையொன்று இழுக்கும் இரண்டு ஒத்ததிர்வுகள் பிறக்கும். அவற்றுக்கு இலேசான, விறைப்பான மேசையே பொருந்தும். வில்லில்லாத ரேகா பிளானர், ரப்பர் பாதம் கொண்ட டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 ஆகியவற்றின் கீழேதான் நல்ல மேடைக்கு வேலை உண்டு.

எந்த மேடையாலும் தொட முடியாத பாதை ஒன்று இருக்கிறது: காற்று. ஸ்பீக்கரின் ஒலி மூடியையும் இசைத்தட்டையும் நேரடியாகவே அசைக்கிறது. தரைவழி அதிர்வையும் காற்றுவழி அதிர்வையும் பிரித்தறியும் முறை எளிது. மோட்டாரை நிறுத்தி, அசையாத தட்டின் மேல் ஊசியை இறக்கி, கார்ட்ரிட்ஜின் வெளியீட்டைக் கணினியில் பதிய வேண்டும். முதலில் ஸ்பீக்கர் மௌனமாக இருக்க அறையில் நடக்க வேண்டும். பிறகு யாரும் அசையாமல் வேறொரு மூலத்திலிருந்து இசையை ஸ்பீக்கரில் ஒலிக்கவிட வேண்டும். மேடையோடும் இல்லாமலும் கிடைக்கும் நான்கு பதிவுகள் ஒரு பக்க வர்ணனையைவிட அதிகம் சொல்லும். இரண்டாவது சோதனையில் மேடை எதையும் மாற்றவில்லை என்றால், ஸ்பீக்கரையும் டர்ன்டேபிளையும் விலக்கி வைப்பதே மருந்து. அதற்குச் செலவும் இல்லை.

ஆகவே, அதிரும் மரத்தளத்தில் வில்லில்லாத டர்ன்டேபிள் இருந்தால் 3 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட மேடை தன் விலைக்குத் தகுதியானது. செங்கல் சுவரில் அறைந்த அலமாரிப் பலகையை முதலில் முயன்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. கான்கிரீட் தளத்தில் காலடி அதிர்வு பெரும்பாலும் பொருட்டே அல்ல. அங்கே சொல்லப்படும் மாற்றங்களுக்குச் சான்று கேட்பதில் தவறில்லை. மிகவும் பின்தங்குவது நடுத்தர விலை ரப்பர் மேடைகளே. கான்கிரீட்டில் அவற்றுக்கு வேலையில்லை. மரத்தளத்திலோ அவற்றின் ஒத்ததிர்வு தளத்தின் ஒத்ததிர்வோடும் டோன்ஆர்மின் ஒத்ததிர்வோடும் நெருங்கி நிற்பதால், தடுக்க வந்த அதிர்வையே வளர்த்துவிடக்கூடும்.