இடது கை யந்திரம்

இடது கையில் மூன்று ஸ்வரங்களைச் சேர்த்து அழுத்தினால் போதும். தாளம், பாஸ், கிதார், வயலின் கூட்டம் எல்லாம் தாமே வந்து சேர்ந்துகொள்கின்றன. அரேஞ்சர் கீபோர்டின் சாமர்த்தியம் இவ்வளவுதான். ஒற்றை ஆள் வாத்தியக் கோஷ்டியாகிவிட்டான் என்று கல்யாண மண்டபத்துச் சபை பிரமிக்கிறது. வாசிப்பது அவனல்ல, தொழிற்சாலை என்று வாத்தியக்காரர் முகம் சுளிக்கிறார். இரண்டுமே உழைப்பின் கணக்குகள். எத்தனை விரல் எவ்வளவு சப்தம் எழுப்பிற்று என்பதற்கு அப்பால், எழுந்தது என்ன என்று இருவருமே கேட்பதில்லை.

முகச்சுளிப்புக்கு நம்மிடம் பரம்பரை உண்டு. 1940-ல் ஹார்மோனியத்தை வெளியே தள்ளிய அகில இந்திய வானொலி அதை மீண்டும் உள்ளே விட 1971 ஆயிற்று. அங்காவது ஆட்சேபம் இசை சார்ந்தது: கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கமகத்துக்கு இடமில்லை. அரேஞ்சர் மீதான ஆட்சேபம் பெரும்பாலும் அந்தஸ்து சார்ந்தது. சின்தஸைசர்காரர் அரேஞ்சரைத் தொடக் கூசுவதைப் பார்த்தால் தெரியும். (யாப்பைத் துறந்துவிட்டு, தயாராய்க் கிடைக்கிற படிமங்களை அடுக்கும் நம் கவிகள் சிலரும் இந்த முகச்சுளிப்பில் சேர்ந்துகொள்வது வேடிக்கை.)

ஜமைக்காவில் நடந்தது வேறு. காசியோவில் புதிதாகச் சேர்ந்த ஒக்குதா ஹிரோகோ, 1981-ல் வெளிவந்த எம்.டி.-40 என்ற சின்னஞ்சிறு கீபோர்டுக்குத் தாளக்கட்டுகள் அமைத்தார். அவற்றில் 'ராக்' என்று பெயரிட்டிருந்த ஒன்று நோயல் டேவி, வெய்ன் ஸ்மித் இருவர் கையில் சிக்கிற்று. கிங் ஜாமி அதன் வேகத்தைக் குறைத்தார். 1985-ல் 'அண்டர் மீ ஸ்லெங் டெங்' வந்தது. ரெகேயின் திசை மாறிற்று. பொத்தானை அழுத்தியதல்ல காரியம். இது ராக் இல்லை என்று ஒரு காது தீர்மானித்தது. அதன் பிறகு ஸ்டூடியோ பாஸ்காரர்களுக்கும் டிரம்காரர்களுக்கும் வேலை சுருங்கியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்தக் காதுதான் நம் மெல்லிசை மேடையில் அகப்படுவதில்லை. இந்தியாவுக்கென்றே யமஹா செய்த பி.எஸ்.ஆர்.-ஐ455 போன்றவற்றில் தபலாவும் டோலக்கும் உள்ளே அடைத்தே வந்தன. வாசிப்பவர் பெரும்பாலும் அதைத் திருத்துவதில்லை, பாட்டைத்தான் அதற்குத் திருத்துகிறார். தபலாக்காரர் பாடுபவரின் மூச்சுக்குக் காத்திருப்பார், அவசரப்பட்டால் முறைப்பார். யந்திரத்தையும் நிறுத்திவைக்கப் பொத்தான் இருக்கிறது, தொடுகிறவர் அபூர்வம். சரணம் முடிந்து மூச்சு வாங்குவதற்குள் தாளம் போய்விடுகிறது, பல்லவியைப் பிடிக்கப் பாடகர் ஓடுகிறார். சபை கைதட்டுகிறது.