முயற்சியாண்மையும் ஒரு கடைக் கொப்பியும்

பல்கலைக்கழக மாணவர்களுக்கு முயற்சியாண்மை கற்பிப்பது பற்றி எழுத இவருக்கு என்ன தகுதி என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். லாச்சப்பலில் நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதியவன் என்பதைத் தவிர வேறெதுவும் இல்லை. எனது பெறாமகள், அண்ணரின் இரண்டாவது மகள், இங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டத்தின் மூன்றாம் வருடம் படிக்கிறாள். சென்ற வருடம் ‘நிறுவனம் உருவாக்கல்’ என்றொரு பாடம் அவளுக்கு. கையேட்டையும் தனது ஒப்படையையும் கொண்டுவந்து, “சித்தப்பா, இதில பிழை இருக்கோ எண்டு பாருங்கோ” என்று தந்தாள். நான் பிழை கண்டது ஒப்படையில் அல்ல, கையேட்டில்.

அவள் முதலில் எழுத விரும்பியது அப்பாவின் பலசரக்குக் கடையைப் பற்றி. விரிவுரையாளர் மறுத்துவிட்டார். அது வெறும் வர்த்தகம், அதில் புதுமை இல்லை என்பது காரணம். பிறகு, சமைத்த உணவை வீடுகளுக்குச் சேர்ப்பிக்கும் ஒரு செயலியைக் கற்பனை செய்து எழுதினாள். நல்ல புள்ளியும் கிடைத்தது.

இந்த மறுப்பு எவ்வளவு அறியாமையானது என்பதைச் சொல்லியாக வேண்டும். ‘அந்த்ரப்ரனர்’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குப் பொருளியல் அர்த்தம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் ரிச்சர்ட் கான்டியோன். அவர் இறந்து இருபது வருடங்களின் பின், 1755இல் வெளிவந்த அவரது நூலில், தெரிந்த விலைக்கு வாங்கித் தெரியாத விலைக்கு விற்பவனே முயற்சியாளன். கடைக்காரன், சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவன், தண்ணீர் சுமப்பவன், ஏன், பிச்சைக்காரனும் கள்வனும்கூட அவரது பட்டியலில் உண்டு. விடியுமுன் ரஞ்சிஸ் சந்தைக்குப் போய்ப் பெட்டி பெட்டியாக வாங்கி, மாலைக்குள் விற்குமா அழுகுமா என்று தெரியாமல் நிற்கும் எனது அண்ணரை கான்டியோன் உடனே அடையாளம் கண்டிருப்பார்.

கையேடு கான்டியோனை விட்டுவிட்டு ஷும்பீட்டரிலிருந்து தொடங்குகிறது. சரி, ஷும்பீட்டரையே எடுப்போம். 1911இல் அவர் எண்ணிச் சொன்ன ஐந்து வகைப் புதுமைகளில், புதிய சந்தையொன்றைத் திறப்பதும் புதிய கொள்முதல் மூலமொன்றைப் பிடிப்பதும் அடங்கும். எண்பதுகளில், இந்த நகரத்தில் முருங்கைக்காயும் ஒடியல் மாவும் எங்கே கிடைக்கும் என்று எவருக்கும் தெரியாதிருந்த காலத்தில், போபூர் சென் தெனி வீதியிலும் கய் வீதியிலும் அவற்றை விற்பனைக்கு வைத்தவர்கள் செய்தது வேறென்ன?

பிரெஞ்சு அரசு இந்தப் பாடத்தைப் பெரிதாகவே எடுத்துக்கொண்டிருக்கிறது. 2009 ஜனவரியில் ‘சுயமுயற்சியாளர்’ முறை வந்தது. 2014இல் ‘மாணவ முயற்சியாளர்’ என்ற தேசிய அந்தஸ்து உருவாக்கப்பட்டது. மாணவர் தனது திட்டத்தையே தொழிற்பயிற்சிக்குப் பதிலாகக் காட்டலாம், வழிகாட்டி ஒருவரும் கிடைப்பார். கெட்ட காரியம் என்று நான் சொல்ல மாட்டேன். கேள்வி வேறு: அங்கே எது கற்பிக்கப்படுவதில்லை?

ஒஸ்டர்வால்டரும் பின்யேரும் 2010இல் நூலாக்கிய ஒன்பது பெட்டிப் படம்தான் இன்று இப்பாடத்தின் அரிச்சுவடி. வாடிக்கையாளர் ஒரு பெட்டி, வருமானம் ஒரு பெட்டி, செலவு ஒரு பெட்டி. அண்ணரின் கடையை நான் அதில் நிரப்பிப் பார்த்தேன். முதல் எங்கிருந்து வந்தது? வங்கியிலிருந்து அல்ல, சீட்டிலிருந்து. இருபது பேர், ஆளுக்கு மாதம் 500 யூரோ. அவசரக்காரன் 2,000 கழித்து 8,000 எடுப்பான். மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்ளும் அந்த 2,000தான் வட்டி. எடுத்தவன் கட்டாமல் விட்டால் எந்த நீதிமன்றத்துக்கும் போகமுடியாது, கலியாண வீடு செத்த வீடுகளில் முகம் காட்டவும் முடியாது. 2022 மே 15 முதல் தனிநபர் முயற்சியாளரின் சொந்தச் சொத்தைத் தொழிற்கடனிலிருந்து சட்டம் பிரித்து வைக்கிறது. சீட்டுக் கடனை எந்தச் சட்டம் பிரிக்கும்?

அண்ணி எந்தப் பெட்டியில் வருகிறா? இருபது வருடமாகக் கல்லாவில் நிற்பவ. சம்பளச் சீட்டு ஒன்றுகூட இல்லை. கடை முதலாளியின் வாழ்க்கைத்துணைக்கு அந்தஸ்து தரும் சட்டம் 1982இல் வந்தது. 2005இலிருந்து ஏதாவதொரு அந்தஸ்தைத் தெரிவுசெய்வது கட்டாயம். அண்ணர் தெரிவு செய்யவில்லை. பெறாமகள் தனது ஒப்படையில் ‘முக்கிய வளங்கள்’ என்ற பெட்டிக்குள் மென்பொருளை எழுதியிருந்தாள்.

அந்தச் செயலியின் உணவை யார் காவிச் செல்வது? சட்டப்படி அவர்களும் ‘முயற்சியாளர்கள்’. லாச்சப்பல் மெத்ரோவடியில் சைக்கிளோடு நிற்பவர்களைப் பாருங்கள்: இன்னொருவனின் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓடும் விசா இல்லாத பெடியன்களும் அவர்களுள் உண்டு. இவர்களைப் போன்ற ஓட்டுநர்கள் விடயத்தில் இருப்பது தொழிலாளி–முதலாளி உறவே என்று 2018இலும் 2020இலும் பிரான்சின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கையேட்டில் அதைப்பற்றி ஒரு வரி இல்லை.

ஆனால் கையேட்டை மட்டும் திட்டிவிட்டுப் போவது எமக்கு வசதியான காரியம். 1991 செப்டெம்பர் சுற்றறிக்கை அகதி விண்ணப்பதாரரின் வேலை செய்யும் உரிமையைப் பறித்தபோது, எமது கடைகளின் பின்னறைகளில் பாத்திரம் கழுவியது யார், எவ்வளவுக்கு? எமது சஞ்சிகைகளின் பின்னட்டைகளுக்கு விளம்பரம் தந்த அதே கடைகள்தாம். நாம் முதலாளிகளை இலக்கியக் கூட்டங்களில் இளக்காரமாகப் பேசினோம், அவர்களிடமே அச்சுச் செலவுக்குக் கைநீட்டினோம், அவர்களது கணக்குப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதவில்லை. (நானும்தான். கொப்பி எனது கையில் இருந்தது.)

ஒரு கடை எப்படித் தொடங்கப்பட்டது என்பதைவிட எப்படிப் பூட்டப்பட்டது என்பதையே இந்த மாணவர்களுக்கு முதலில் கற்பிக்க வேண்டும் என்பது எனது அபிப்பிராயம். கடன் யாருக்கு, யார் உழைப்புக்குக் கூலியில்லை, குத்தகையிலிருந்து எப்போது வெளியேறலாம் என்ற மூன்றும் அங்கேதான் வெளிச்சத்துக்கு வருகின்றன. இதைச் சொன்னபோது பெறாமகள் நேரே தகப்பனிடம் போய்க் கொப்பியைக் கேட்டாள். “அதை மட்டும் கேளாதை பிள்ளை” என்றார் அண்ணர். பதிலுக்குக் கடையின் குத்தகைப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்தார்.

ஒன்பது வருடக் குத்தகை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை வெளியேறலாம், ஆறு மாதத்துக்கு முன்பே பதிவுத் தபாலில் அறிவித்தால். அவள் வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்ல அண்ணர் விரல்விட்டு எண்ணினார். அறிவிக்க வேண்டிய நாள் போய்ப் பதினொரு நாட்கள் ஆகியிருந்தன.