குந்தவை பிழைத்த அரண்மனை

தமிழில் சரித்திர நாவல் படிக்கத் தொடங்கும் பெண்பிள்ளைகள் முதலில் ஆசைப்படுவது குந்தவையாக இருக்கத்தான். பழையாறை மாளிகையில் இருந்தபடியே தஞ்சைக் கோட்டைக்குள் நடக்கும் சதியை மோப்பம் பிடிக்கிறாள். காஞ்சியில் இருக்கும் அண்ணனுக்கும் ஈழத்தில் இருக்கும் தம்பிக்கும் ஓலை அனுப்புகிறாள். முதன்மந்திரி அநிருத்தரிடம் சரிக்குச் சரியாகப் பேசுகிறாள். 1950இல் ‘கல்கி’ இதழில் தொடங்கி 1954 வரை தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ முழுக்க ஆண்கள் குதிரையில் ஓடிக்கொண்டே இருக்க, நின்று யோசிக்கிறவள் இவள் ஒருத்திதான். எனக்கும் அவளைப் பிடிக்கும். பிடிப்பதால்தான் அவளோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது.

எங்கள் போடிநாயக்கனூருக்கு இந்த நாவல் பல வழிகளில் வந்து சேர்ந்தது. தொடரைக் கிழித்துச் சேர்த்துக் கட்டிய பைண்டிங்காக வந்தது. நாட்டுடைமையான பிறகு மலிவுப் பதிப்பாக வந்தது. 2022லும் 2023லும் மணிரத்னத்தின் படங்களாக வந்தது. ஏலக்காய்க் கடைகளில் காய் தரம் பிரிக்கிற பெண்களும், விடியுமுன் ஜீப்பில் போடிமெட்டு ஏறிக் கேரளத் தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிற பெண்களும் இந்தக் கதையைப் பேசிக் கேட்டிருக்கிறேன். கல்லூரி வகுப்பறையில் கேட்டதைவிட அங்கேதான் கூர்மையான கேள்விகள் வந்தன.

குந்தவை வளர்ந்த அரண்மனை உண்மையிலேயே ஆபத்தானது. அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டான். காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று துரோகிகளின் பெயரையே சொல்கிறது. தந்தை சுந்தர சோழர் இறந்தபோது தாய் வானவன்மாதேவி உடன் உயிர்விட்டாள். அவள் பிறந்த மலையமான் நாட்டில், திருக்கோவலூர்க் கல்வெட்டு அதைப் பெருமையாகச் சொல்கிறது. பிறகு சிற்றப்பா முறையான உத்தம சோழர் அரியணையில் இருந்தார். தம்பி ராஜராஜன் 985 வரை காத்திருந்தான். இத்தனையும் தாண்டி உயிரோடு இருந்தவள் குந்தவை. தஞ்சைப் பெரிய கோயிலில் அவள் கொடுத்த கொடைகள் தனியே வெட்டப்பட்டிருக்கின்றன. தந்தைக்கு ஒரு படிமம், தாய்க்கு ஒரு படிமம் செய்து வைக்கிறாள். நகைகள் எடை போட்டு, பொன்னும் மணியும் கணக்காகக் கல்லில் ஏறுகின்றன. அம்மாவைத் தீ எடுத்துப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அம்மாவுக்கு உருவம் செய்து நகை பூட்டுகிற மகள்! இந்த ஒரு வரிக்குள் ஒரு நாவல் இருக்கிறது.

கல்கி அந்தப் பக்கம் போகவில்லை. நாவலின் காலம் சில மாதங்களோடு முடிகிறது. தீ அதற்கு வெளியே நிற்கிறது. அது அவருடைய உரிமை. ஆனால் அதன் விளைவு என்னவென்றால், அவருடைய குந்தவைக்குப் பயம் கிடையாது. கவலைப்படுவாள், கலங்குவாள்; எல்லாம் சோழ குலத்துக்காக. தன் உடம்புக்கு, தன் உயிருக்கு, நாளை யாருக்கு மனைவியாகக் கொடுக்கப்படுவோம் என்பதற்கு அவள் அஞ்சி நாம் பார்ப்பதில்லை. யாரை மணப்பது என்பதைக்கூட அவளே முடிவு செய்கிறாள். ஆபத்தான அரண்மனையில் அஞ்சத் தேவையில்லாத பெண் என்றால், அந்த அரண்மனை அவளுக்காகக் கட்டப்பட்டிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

பயமெல்லாம் நந்தினியின் பங்குக்கு வந்துவிட்டது. எந்தக் கல்வெட்டிலும் இல்லாத இவளைக் கல்கி கற்பனையில் படைத்தார். என் பார்வையில் நாவலின் உயிர் இவள்தான். குலம் தெரியாத பெண். அர்ச்சகர் வீட்டில் வளர்கிறாள். சிறு வயதில் அரச பிள்ளைகளோடு பழையாறையில் விளையாடுகிறாள். இளவரசன் கரிகாலனுக்கு அவள்மேல் ஆசை வந்ததும் அரண்மனையின் பெரியவர்கள் விழித்துக்கொள்கிறார்கள். அவள் அப்புறப்படுத்தப்படுகிறாள். பின்னால் காயம்பட்டுக் கிடக்கும் வீரபாண்டியனைக் காப்பாற்றச் சொல்லி அதே கரிகாலனிடம் மன்றாடுகிறாள். அவள் கண் முன்னாலேயே தலை விழுகிறது. அதற்குப் பிறகு கிழவர் பெரிய பழுவேட்டரையரின் இளைய ராணியாகிறாள். அந்த மணத்தில் அவளுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், ஒரு பல்லக்கும் ஒரு கோட்டையும் என்று சொல்லலாம். உயிரோடு இருக்க அவளிடம் மிச்சமிருந்த வழி அது.

குந்தவை செய்வதைத்தான் நந்தினியும் செய்கிறாள். ஒற்றர் வைக்கிறாள், ஓலை அனுப்புகிறாள், ஆண்களின் ஆசையைக் கணக்குப் போட்டு நகர்த்துகிறாள். வந்தியத்தேவனை இருவருமே பயன்படுத்துகிறார்கள். ஒருத்தி செய்தால் ராஜதந்திரம், இன்னொருத்தி செய்தால் நாகம். பிறப்பைத் தவிர இருவருக்கும் நடுவில் வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

நாவலில் எனக்கு மிகவும் உறுத்துகிற திருப்பம் ஒன்று உண்டு. சிறு வயதில் நந்தினியைக் கண்டால் ஆகாத குந்தவை, அவள் தன் தந்தைக்குப் பிறந்தவளாக இருக்கலாம் என்று நம்பத் தொடங்கியதும் மனம் இளகுகிறாள். இவளுக்கு என்னென்ன செய்துவிட்டோம் என்று வருந்துகிறாள். இரக்கம் வர ரத்தம் வேண்டியிருக்கிறது. அர்ச்சகர் வீட்டுப் பெண்ணாகவே அவள் இருந்திருந்தால், துரத்தப்பட்டது நியாயமாகத்தான் இருந்திருக்குமா? நாவல் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. படகோட்டி பூங்குழலியின் முடிவும் இதே தச்சு வேலைதான். கடலை ஆளும் அந்தப் பெண் ராணியாகிறாள். எப்படி என்றால், அவள் கைப்பிடித்த பூக்கட்டும் பையன் சேந்தன் அமுதன் அரச வாரிசு என்று தெரியவருகிறது. (படகை விட்டுவிட்டு அவள் அரண்மனையில் என்ன செய்தாள் என்று யோசித்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது.)

தரம் பிரிக்கும் இடத்தில் ஒரு அக்கா கேட்டதுதான் இந்தக் கட்டுரைக்கு விதை. நந்தினியை அந்த இளவரசனிடமிருந்து பிரித்தது ஆம்பளைகளா பொம்பளைகளா என்றார். பெரிய பிராட்டியும் அரண்மனைப் பெண்களும் என்றேன். ‘அதான பார்த்தேன், எந்த ஊர்லயும் அப்படித்தான் தாயி’ என்றுவிட்டுக் காய் பக்கம் திரும்பிக்கொண்டார். வேறு சாதிப் பையனோடு பேசினாள் என்று பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துவது, போனைப் பிடுங்குவது, மாமன் வீட்டில் கொண்டுபோய் விடுவது, அவசரமாக ஒரு மாப்பிள்ளை பார்ப்பது எல்லாம் எங்கள் பக்கத்தில் அம்மாவும் அத்தையும் அப்பத்தாவும் முன்னால் நின்று செய்கிற வேலைகள். அருவா பிற்பாடு வருகிறது. குலத்தைக் காக்கும் பெண்ணுக்கு வீட்டில் மரியாதை உண்டு, சொல்லுக்கு மதிப்பு உண்டு, சாவிக்கொத்தும் உண்டு. குந்தவையின் அதிகாரம் இந்த வகையைச் சேர்ந்தது. அவளை அறிவாளி என்று கொண்டாடும்போது எந்தக் காவலுக்காக அந்த அறிவு கூலி வாங்கியது என்றும் நாம் கேட்டாக வேண்டும்.

ராஜகுமாரிகளின் கதையை வேறு இடத்திலிருந்து சொல்ல முடியாதா? எங்கள் மலையிலேயே ஒன்று இருக்கிறது. முதுவர்கள், தங்கள் முன்னோர் மதுரையை விட்டுப் போடி வழியாக மலையேறியவர்கள் என்பார்கள். வரும்போது மீனாட்சியை முதுகில் சுமந்து வந்ததால்தான் முதுவர் என்ற பெயர் என்பது அவர்கள் வழக்கு. முதுவப் பெண்கள் இன்றும் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு நடப்பதுண்டு. மீனாட்சி பாண்டியன் மகள், பட்டம் கட்டிக்கொண்ட பெண். நகரம் கைமாறும்போது அவள் பிழைத்தது தந்திரத்தால் அல்ல, யாரோ குனிந்து முதுகு கொடுத்ததால். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் சுமந்தவர்கள். அதனால் இதில் அரண்மனைக்குள் என்ன பேசினார்கள் என்பது இல்லை. பாதை இருக்கிறது, பாரம் இருக்கிறது.

இதைக் கேட்ட பிறகு ‘பொன்னியின் செல்வ’னில் என் கண் போவது பழுவூர் இளைய ராணியின் பல்லக்கின் மேல்தான். பனை இலச்சினை போட்ட திரை, உள்ளே அழகி, வெளியே வேண்டுமென்றே குதிரையை முட்டவிடும் வந்தியத்தேவன். தூக்கிக்கொண்டு நடப்பவர்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கடம்பூர் மாளிகைக்கு அந்த மூடுபல்லக்கில் வந்தது ராணி அல்ல, மதுராந்தகன். நள்ளிரவில் ஒளிந்திருந்து பார்த்துத்தான் வந்தியத்தேவனுக்கே அது தெரியவருகிறது. நாவலின் முதல் பெரிய ரகசியம் இது. மூட்டை சுமந்து பழகிய தோளுக்கு எடை மாறினால் முதல் அடியிலேயே தெரிந்துவிடும் என்று அதே அக்கா சிரித்தார். பல்லக்குத் தூக்கிகளுக்கு ஊருக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.