குண்டுப் பையன் ஜோ

சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37-ல் தொடராக எழுதிய 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் ஜோ என்று ஒரு குண்டுப் பையன் வருகிறான். சாப்பிடுவான், தூங்குவான். பரிமாற நிற்கும்போதே குறட்டை விடுவான். முகம் சிவந்திருக்கும். 'உடம்பில் நீர் கோத்தவன்' என்கிற அர்த்தத்தில் அவனைச் சீண்டுவதுகூட உண்டு. எல்லாம் சிரிப்புக்காக.

சுமார் 120 வருஷம் கழித்து, 1956-ல், பர்வெல் என்ற அமெரிக்க டாக்டரும் சகாக்களும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். மனிதர் சீட்டாட்டத்தில் மூன்று ஏஸ், இரண்டு ராஜா கையில் இருந்தும், தூங்கிப்போய்க் கோட்டை விட்டவர். பருத்த உடம்பு, கால் வீக்கம், திணறும் இதயம். அந்த நோய்க்கு அவர்கள் வைத்த பெயர் 'பிக்விக்கியன் சிண்ட்ரோம்'. டிக்கன்ஸின் கண் அத்தனை கூர்மை!

என் புகார் அதுதான். ஜோவை அவர் ரொம்ப நன்றாக எழுதிவிட்டார். 'ஸ்லீப் ஆப்னியா', அதாவது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு என்றதும், குண்டு, குறட்டை, பகல் தூக்கம் என்றே எல்லோரும் தேடுகிறோம். ஹார்ட் ஃபெயிலியர் உள்ளவர்களிடம் இந்த அடையாளங்கள் ஏமாற்றும். (இதயம் நின்றுபோவதல்ல இது; உடம்புக்குத் தேவையான ரத்தத்தை பம்ப் பண்ண முடியாமல் திணறுவது.) இவர்களில் ஒல்லியானவர்களும் உண்டு. பலர் பகலில் தூங்கி விழுவதில்லை. சிலருக்குத் தொண்டை அடைப்பதே இல்லை. மூளை மூச்சுக்கு உத்தரவு கொடுப்பதைச் சற்று நிறுத்திவிடுகிறது. மூச்சு பெருகி, தேய்ந்து, நின்று, மறுபடி கிளம்பும். டப்ளினில் ஜான் செய்ன் 1818-லும், வில்லியம் ஸ்டோக்ஸ் 1854-லும் இதை எழுதிவைத்தார்கள்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆக்ஸிஜன் குறைகிறது, ரத்த அழுத்தம் எகிறுகிறது. ஏற்கெனவே களைத்த இதயத்துக்கு ராத்திரியும் ஓவர்டைம்.

வைத்தியமும் நேர்கோடு அல்ல. மூச்சைச் சீராக்கும் ஏ.எஸ்.வி. என்ற மெஷினை, பம்ப் பலவீனமாகி இந்த இரண்டாவது வகை ஆப்னியாவும் உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மூச்சு சீரானது, இதய மரணங்கள் அதிகமாயின. 2015-ல் வெளியான முடிவு இது. அதனால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று மெஷின் வாங்காதீர்கள். எந்த வகை என்று தூக்கப் பரிசோதனையில்தான் தெரியும்.

தூங்குகிறவருக்குத் தன் மூச்சு நிற்பது தெரியாது. பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும். உங்கள் வீட்டு இதய நோயாளி ஜோ மாதிரி இல்லையே என்று சும்மா இருக்காதீர்கள். ஒரு ராத்திரி விழித்திருந்து மூச்சைக் கவனியுங்கள். நின்று நின்று வந்தால், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது நீங்களும் கூடப் போய்ச் சொல்லுங்கள்.