சாம்பல் நோயும் காரணம் சொல்லாத கையேடுகளும்

வாசகர்களே, திராட்சைச் சாகுபடி பற்றிய தமிழ்க் கையேடு ஒன்றை எடுத்து, சாம்பல் நோய் என்னும் பகுதியைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று நான்கு வரிகளே இருக்கும். இலையிலும் காயிலும் வெண்ணிறப் பொடி படியும். நனையும் கந்தகத்தை 0.3 சதவீத அளவில் தெளிக்கலாம். அல்லது ஹெக்டேருக்கு 6 முதல் 12 கிலோ வரை கந்தகத் தூளைக் காலை வேளையில் தூவலாம். அவ்வளவுதான். இது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அளவிலோ மருந்திலோ பிழை இல்லை. என் குறை வேறு. ஏன் கந்தகம்? ஏன் காலை வேளை? இவ்விரு கேள்விகளுக்கும் நம் கையேடுகளும் துண்டுப் பிரசுரங்களும் விடை சொல்வதில்லை.

நோயாளி மருந்தின் காரணத்தை அறிய வேண்டுமா என்று கேட்கலாம். மருத்துவர் அருகில் இருந்தால் வேண்டியதில்லை. ஆனால் கம்பத்திலும் சுருளிப்பட்டியிலும் ஓடைப்பட்டியிலும் பந்தலின் கீழ் நிற்கும் விவசாயிக்கு அவரேதான் மருத்துவர். வானிலை நாளுக்கு நாள் மாறுகிறது. அச்சிட்ட கையேடு மாறுவதில்லை. காரணம் தெரிந்தவர் மாறிய நிலைக்கேற்பத் தம் செயலை மாற்றிக்கொள்வார். தெரியாதவர் எழுதியதை அப்படியே செய்து நட்டப்படுவார்.

முதற் குறை பெயரிலேயே இருக்கிறது. திராட்சைக்குச் சாம்பல் நோய் என்று ஒன்றும், அடிச்சாம்பல் நோய் என்று மற்றொன்றும் உண்டு. பெயரைக் கேட்டால் ஒரே நோய் இலையின் மேலும் அடியிலும் வருவதாகத்தானே தோன்றும்? உண்மையில் இவை இரண்டும் உறவற்ற உயிரிகளின் வேலை. சாம்பல் நோயை உண்டாக்குவது எரிசிஃபே நெகேட்டர் என்னும் பூசணம். அடிச்சாம்பலுக்குக் காரணமான பிளாஸ்மோபாரா விட்டிகோலா உண்மையான பூசணமே அன்று. நீர்ப்பாசிகளின் தூரத்து உறவினம்.

இவற்றின் வாழ்க்கை முறைகள் நேர் எதிரானவை. அடிச்சாம்பல் உயிரியின் வித்துகள் இலைமேல் படிந்த நீர்ப்படலத்தில் நீந்திச் சென்று, இலைத்துளை வழியாக உள்ளே நுழைகின்றன. நீர் இல்லையேல் அதற்கு வாழ்வில்லை. சாம்பல் நோய்ப் பூசணமோ தன் வித்துக்குள்ளேயே வேண்டிய நீரை வைத்திருக்கிறது. அது முளைக்க மழை வேண்டாம். காற்றில் ஈரப்பதமும், 20 முதல் 27 டிகிரி வரையிலான இதமான வெப்பமும், நிழலும் போதும். பலத்த மழை அதன் வித்துகளைக் கழுவிவிடும். நேர் வெயிலின் புற ஊதாக் கதிர்கள் அதை வாட்டும். ஐப்பசி மழையில் முன்னது பெருகும். மழை நின்று பனி இறங்கும் நாட்களில் பின்னது தலைதூக்கும்.

ஆகவே மருந்தும் வேறு. முன்னதற்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை; பின்னதற்குக் கந்தகம். இடம் மாற்றித் தெளித்தால் பணமும் உழைப்பும் பெரும்பாலும் வீண். பெயர்க் குழப்பத்துக்கு ஒரு விவசாயி கொடுக்கும் விலை அது. இலையைத் திருப்பிப் பார்த்தால் ஐயம் தீரும். மேற்புறம் எண்ணெய் சிந்தியதுபோல் மஞ்சள் பொட்டும், அதற்கு நேர் கீழே வெண்மையும் இருந்தால் அடிச்சாம்பல். விரலால் தேய்த்தால் மாவுபோல் ஒட்டும் பொடி, இலையின் மேற்புறத்திலும் தண்டிலும் காயிலும் இருந்தால் சாம்பல். இந்த இரண்டு வாக்கியங்களுக்குக் கையேட்டில் இடமில்லையா?

மருந்துகளின் வரலாறே இவற்றின் வேற்றுமையைச் சொல்லும். 1845ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மார்கேட் நகரில், எட்வர்ட் டக்கர் என்னும் தோட்டக்காரர் திராட்சைக் கொடிகளில் இதுவரை காணாத வெண்பொடியைக் கண்டார். கந்தகமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்து அடக்கினார். பெர்க்லி என்னும் அறிஞர் அப்பூசணத்துக்கு அவர் பெயரையே சூட்டினார். நோய் பிரான்சுக்குப் பரவியது; 1854இல் அந்நாட்டின் திராட்சை மது உற்பத்தி, சில ஆண்டுகளுக்கு முன்பிருந்த அளவில் நாலில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. கந்தகத் தூள்தான் தோட்டங்களை மீட்டது. 1878 அளவில் அடிச்சாம்பல் அங்கே நுழைந்தபோது அதே கந்தகம் உதவவில்லை. திருடர்களை விரட்டச் சாலையோரக் கொடிகளின்மேல் பூசியிருந்த துத்தக் கலவை அவற்றைக் காத்திருப்பதை மில்லார்டே கவனித்தார். 1885இல் போர்டோ கலவையை உலகுக்கு அறிவித்தார்.

இரண்டாவது குறைக்கு வருவோம்: காலை வேளை. நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். எனவே இக்கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. சாம்பல் நோய்ப் பூசணம் இலையின் மேற்பரப்பில் படர்ந்து, தோலின் உயிரணுக்களுக்குள் மட்டுமே உறிஞ்சிகளைச் செலுத்துகிறது. உடல் வெளியே இருப்பதால், கந்தகத் துகள் நேரில் படாத இடத்திலும் அதன் ஆவி பூசணத்தை எட்டுகிறது. கந்தகம் திண்மமாக இருக்கும்போதே மிகச் சிறிதளவு ஆவியாகிறது. அந்த ஆவியழுத்தம், வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் ஏறத்தாழ மூன்று நான்கு மடங்காகும். 20 டிகிரியிலிருந்து 35க்குப் போனால் ஏழு மடங்கு அளவுக்கு உயரும்.

இனி எல்லாம் விளங்கும். காலையில் காற்று அடங்கியிருக்கும், தூள் பறக்காது. பனி ஈரத்தில் இலைமேல் ஒட்டும். வெயில் ஏற ஏற ஆவி மெல்ல வெளிப்படும். குளிர்ந்த, மேகம் மூடிய நாளில் கந்தகம் மந்தமாக வேலை செய்வதும் இதனால்தான். மாறாக, நண்பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும் சித்திரை நாளில் ஆவி மிகுந்து, இளந்தளிரையும் பிஞ்சையும் கருக்கிவிடும். அன்று காலையில் தூவினாலும் தீங்கு தீங்குதான்! காலை என்ற சொல்லை மட்டும் நம்பியவர் கையேட்டின்படியே நடந்து கொடியைக் கருக்கக்கூடும். வேப்பெண்ணெயோ வேறு எண்ணெயோ தெளித்த இரண்டு வாரங்களுக்குள் கந்தகம் தெளித்தாலும் இலை கருகும் என்பதையும் இத்துடன் சொல்ல வேண்டும்.

மூன்றாவது குறை, புதிய மருந்துகளை ஒரே வரிசையாக அடுக்கிவிடுவது. கந்தகம் பூசணத்தின் உடலில் பல இடங்களில் தாக்குகிறது. அதனால்தான் 170 ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் வேகம் மழுங்கவில்லை. 1996இல் சந்தைக்கு வந்த ஸ்ட்ரோபிலுரின் வகை மருந்துகளோ ஒரே ஒரு புரதத்தைத் தாக்குபவை. அப்புரதத்தின் 143ஆவது இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறினால் போதும், பூசணம் தப்பித்துக்கொள்ளும். சில ஆண்டுகளிலேயே அத்தகைய பூசணங்கள் பல நாடுகளில் தோன்றிவிட்டன. மருந்தின் வகையைச் சொல்லாமல் பெயரை மட்டும் சொன்னால், விவசாயி புட்டியை மாற்றுவார்; உள்ளே இருப்பது அதே வகையாக இருக்கும்.

நம் பள்ளத்தாக்கில் இது சிறு செய்தி அன்று. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடப்பது இவ்வூரின் பெருமை. உயிருள்ள பச்சைத் திசுவில் மட்டுமே வளரும் இப்பூசணத்துக்கும் அது ஆண்டு முழுவதும் விருந்துதான். பிஞ்சில் நோய் பிடித்தால் தோல் வளர்வது நின்றுவிடும். உள்ளே சதை வளர்ந்துகொண்டே போகும். முடிவில் காய் வெடிக்கும். வெடித்த காய் உள்ள குலையைச் சந்தையில் யார் வாங்குவார்? காய் பிடித்த முதல் மூன்று நான்கு வாரங்களே ஆபத்துக் காலம் என்று தெரிந்தால், அந்நாட்களில் காவலைக் கூட்டி மற்ற நாட்களில் செலவைக் குறைக்கலாம். பந்தலில் அடர்ந்த இலைகளைக் களைந்து வெயிலை உள்ளே விடுவது காசில்லாத மருந்து என்பதும் புரியும்.

கையேடு எழுதுவோரின் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இடம் குறைவு, பயிர்கள் பல என்பது உண்மையே. ஆயினும் காரணத்தைச் சேர்க்கப் பத்து வரிகள் போதும். மேலே நான் சொன்னவற்றில் விவசாயிக்கு விளங்காதது எது? ஆவியாதலை நெற்களத்திலும் உப்பளத்திலும் காண்பவர்களுக்கு அதைச் சொல்லத் தயங்குவது ஏன்?

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ திராட்சைப் பந்தல் இருந்தால், அடுத்த முறை மருந்துக் கடையிலிருந்து வரும் துண்டுத் தாளை வாங்கிப் படியுங்கள். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் 'ஏன்?' என்று எழுதுங்கள். உங்கள் பாடநூலில் விடை கிடைப்பவற்றை நீங்களே எழுதி, தோட்டக்காரருக்குப் படித்துக் காட்டுங்கள். விடை கிடைக்காதவற்றை வேளாண் அலுவலரிடம் கேளுங்கள். நமக்கு வேண்டிய நல்ல கையேடு அப்படித்தான் உருவாகும்.